மூடி செய்கிறவர்களே, பெருவிரலுக்குக் கொஞ்சம் இடம் விடுங்கள்

சின்னப் பிளாஸ்டிக் டப்பாக்களுக்கு அச்சு வடிவமைக்கிறவர்களுக்கும், அதை வார்த்து விற்கிற கம்பனிக்காரர்களுக்கும், எந்த மூடி போடுவது என்று கடைசியில் தலையாட்டுகிற முதலாளிமாருக்கும்,

வணக்கம். நான் திருகோணமலையில் வீட்டிலிருந்து சீனிச் சம்பல் செய்து விற்கிறவள். கிழமைக்கு நூறு, நூற்றிருபது டப்பா போகும். உப்புவெளிப் பக்கத்துக் கடைகளுக்குக் கொஞ்சம், கொழும்புக்கு பஸ்ஸில் போகிறவர்கள் கையில் கொஞ்சம், மிச்சம் அக்கம்பக்கத்துக்கு. டப்பாவை மொத்தக் கடையில் கட்டாக வாங்குகிறேன், அதனால் நீங்கள் யார், எந்த ஊர், ஒன்றும் எனக்குத் தெரியாது. கவிழ்த்துப் பார்த்தால் ஒரு முக்கோணமும் உள்ளே 5 என்ற இலக்கமும் கீழே பிபி என்ற எழுத்தும்தான் இருக்கின்றன. பொலிபுரொப்பிலீன் என்று அர்த்தம். முகவரி இல்லாதபடியால்தான் இப்படி எல்லோரும் பார்க்க எழுதுகிறேன்.

சம்பலைப் பற்றி இதுவரை ஒருவரும் பெரிதாகக் குறை சொன்னதில்லை (உப்புக் கூடிப்போன ஒரு தடவையைத் தவிர, அது என் பிழைதான்). சொல்வதெல்லாம் மூடியைப் பற்றி. கிண்ணியாவிலிருந்து வந்து வாங்குகிற ராத்தா ஒருவர் ஒவ்வொரு முறையும் காசைக் கொடுத்துவிட்டு, "தங்கச்சி, ஒருக்கா தொறந்து பொறகு லேசா மூடித் தாங்க" என்பார். நானும் திறந்து லேசாக மூடிக் கொடுப்பேன். காற்றுப் புகாமல் இறுக்கி மூடுவதற்காகத்தானே இந்த டப்பாவை வாங்கினேன்? அதை நானே தளர்த்திக் கொடுத்தால் பிறகு டப்பா எதற்கு, வாழையிலையில் கட்டிக் கொடுத்துவிடலாமே.

எங்கள் ஒழுங்கையில் ஒரு அண்ணர் இருக்கிறார், கடலுக்குப் போகிறவர். இரவுச் சாப்பாடு அநேகமாகப் பாணும் என் சம்பலும்தான். போன சித்திரை கழிந்து ஒரு நாள் விடிய வந்து வாசலில் நின்று, கோபமா சிரிப்பா என்று தெரியாத ஒரு முகத்தோடு நடந்ததைச் சொன்னார். ஒரு கை எஞ்சின் பிடியில். மற்றக் கையில் செதிளும் உப்புத் தண்ணியும். டப்பாவை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு மூடியின் நாக்கைத் தேடியிருக்கிறார், அகப்பட்டது, வழுக்கியது, திரும்ப அகப்பட்டது, திரும்ப வழுக்கியது. கடைசியில் மீன் வெட்டுகிற கத்தியை எடுத்து விளிம்பில் செருகி நெம்பினாராம். மூடி படக்கென்று இரண்டாகப் பிளந்து, சம்பல் முழுவதும் படகின் அடியில் ஊறிக் கிடந்த தண்ணிக்குள். "நெத்தலிக்குத் தீன் போட்ட மாதிரி ஆச்சு பிள்ளை" என்றார். அவருக்கு வேறொரு டப்பா இனாமாகக் கொடுத்தேன். அவர் போன பிறகுதான், ஒரு கத்தி, ஆடுகிற படகு, ஒரு கை என்று யோசித்துப் பார்த்து எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அன்றைக்கு மகனின் அடிமட்டத்தை எடுத்து அந்த நாக்கை அளந்தேன். மூடியின் ஓரத்தில், பிடித்துத் தூக்குவதற்கென்று நீங்கள் விட்டிருக்கிற அந்தத் துண்டு 4 மில்லிமீட்டர் நீட்டம், 9 மில்லிமீட்டர் அகலம். என் பெருவிரல் 19 மில்லிமீட்டர். அண்ணருடையது 25, அதிலும் தூண்டில் நூல் அறுத்து அறுத்து நகம் பாதிதான் இருக்கிறது. 9 மில்லிமீட்டரை யாருடைய விரலை வைத்து அளந்தீர்களோ தெரியாது. பாலர் வகுப்புப் பிள்ளையின் விரலாக இருக்க வேண்டும்.

அதோடு நாக்கின் கீழே இடைவெளியே இல்லை. மூடியின் விளிம்பும் டப்பாவின் விளிம்பும் ஒட்டிக்கொண்டு ஒரே மட்டமாக நிற்கின்றன. நகம் உள்ளவர்கள் நகத்தைச் செருகலாம். வெங்காயம் உரித்து, தேங்காய் துருவி, சட்டி தேய்த்து வாழ்கிறவர்களுக்கு நகம் எங்கே? சம்பல் என்றால் எண்ணெய் மிதக்க இறக்கினால்தான் நாள் நிற்கும், ஆகவே இரண்டாம் தடவை திறக்கும்போது விளிம்பெல்லாம் எண்ணெய் வேறு. உங்கள் தொழிற்சாலையில் இதைத் திறந்து பார்த்தவர் காய்ந்த கையோடு, புதுடப்பாவை, மேசைமேல் வைத்துத் திறந்து பார்த்திருப்பார். சரி, திறந்திருக்கும்.

நீங்கள் சொல்லப்போகும் பதில் எனக்குத் தெரியும். மூடி இறுக்கமாக இல்லாவிட்டால் ஒழுகும், கொழும்பிலிருந்து இங்கே ஏறக்குறைய 260 கிலோமீட்டர், லொறியில் குலுங்கி வருகிற வழியெல்லாம் எண்ணெய் கசிந்தால் உங்களையா திட்டுவார்கள், எங்களையா என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் இறுக்கத்தைக் குறைக்கச் சொல்லி நான் கேட்கவேயில்லை. மூடியின் உட்பக்கம் ஒரு வரம்பு ஓடுகிறது, அது டப்பாவின் உதட்டுக்குக் கீழே போய்க் கவ்வுகிறது. அந்தக் கவ்வல் வட்டம் முழுவதும் வேண்டும், இருக்கட்டும். திறப்பதற்கு வட்டம் முழுவதும் ஒரேயடியாகக் கழற வேண்டியதில்லை, ஓரிடத்தில் கிளம்பினால் போதும், மிச்சம் தானாக உரிந்து வரும். அந்த ஓரிடத்தில் விரல் உட்காருமா என்பதுதான் என்னுடைய கேள்வி முழுவதும்.

எங்கள் சித்தப்பா மகன் ஒருவன் அச்சு வேலை பார்க்கிறவன். நாக்கைப் பெரிதாக்க அச்சையே மாற்ற வேண்டுமே, லட்சக்கணக்கில் போகுமே என்று அவனிடம் கேட்டேன். சிரித்தான். அச்சில் எங்கே குழி இருக்கிறதோ அங்கேதான் பிளாஸ்டிக் போய் நிரம்பும். நாக்கு நீள வேண்டுமென்றால் குழியை இன்னும் கொஞ்சம் தோண்ட வேண்டும், அதாவது இரும்பைச் செதுக்கி எடுக்க வேண்டும். எடுப்பது லேசு. சேர்ப்பதுதான், வெல்டிங் வைத்து மறுபடி கடைந்து, வில்லங்கம். அச்சின் ஓரத்தில் இடம் இருந்தால் இருக்கிற அச்சிலேயே செய்யலாம் என்றான். பிளாஸ்டிக் செலவையும் கணக்குப் பார்த்தோம். 20 மில்லிமீட்டர் அகலம், 10 மில்லிமீட்டர் நீட்டம், 1 மில்லிமீட்டர் தடிப்பு என்று வைத்தால் 0.2 கன சென்டிமீட்டர், பிபி தண்ணியைவிட லேசு, ஆகவே 0.2 கிராமுக்கும் குறைவு. ஆயிரம் மூடிக்கு 200 கிராம்கூட வராது. நான் ஒரு நாளைக்கு அரிகிற வெங்காயத்தின் தோல் அதைவிடப் பாரம்.

நாக்கு வெளியே நீண்டால் பெட்டிக்குள் அடுக்கும்போது இடிக்கும் என்றால், சரி, நீட்ட வேண்டாம். டப்பாவின் உதட்டில் ஓரிடத்தில் மட்டும், பெருவிரல் நுனி நுழைகிற மாதிரி ஒரு பள்ளம் விடுங்கள். மூடி அந்தப் பள்ளத்துக்கு மேல் பாலம் மாதிரி நிற்கும். கீழிருந்து ஒரு தள்ளு. நகம் வேண்டாம், கிள்ளவும் வேண்டாம், விரல் மூட்டு வலிக்காரர் கைவிரல் மடக்காமலே தள்ளலாம்.

இந்த மூட்டுவலி விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவுக்கு 74 வயது, இரண்டு கையிலும் வாதம். காலையில் விரல் மடங்காது, பத்து மணிக்குப் பிறகுதான் கொஞ்சம் இளகும். ஆனால் பிரஷர் குளிசை காலையில் அல்லவா போட வேண்டும். ஆஸ்பத்திரியில் குளிசையைக் கடதாசி உறையில் போட்டுத் தருவார்கள், எங்கள் ஊர்க் கடற்காற்றில் அது இரண்டு நாளில் நமுத்துவிடும், ஆகவே ஏதாவது ஒரு டப்பாவில் கொட்டி வைப்போம். திருகுமூடி உள்ள ஒரு குட்டிப் போத்தல் வாங்கிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் பார்த்தால் மூடி வேறாக, போத்தல் வேறாக ஜன்னல் கட்டில் இருக்கிறது. ஏனம்மா என்றால், "மூடினா பிறகு ஆர் திறக்கிறது, நீ எழும்பி வரும் மட்டும் இருக்கவோ?" என்கிறார். அதே ஜன்னல் கட்டு எட்டுகிற உயரத்தில் தங்கச்சியின் மூன்று வயதுப் பேத்தி வீட்டுக்கு வந்து போகிறது.

திருகுமூடியில் ஒரு சங்கதி இருக்கிறது. இறுக்கம் ஒன்றாகவே இருந்தாலும், 2 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூடியைத் திருக, 4 சென்டிமீட்டர் மூடிக்கு வேண்டியதைப் போல இரண்டு மடங்கு பலம் விரலில் வேண்டும். மூடி சிறுக்கச் சிறுக்க விரலுக்குப் பாரம் ஏறும். ஆனால் பாம் போத்தல், கண் மருந்துப் போத்தல், குளிசைப் போத்தல், வயதுபோனவர்கள் அதிகம் திறக்கிறவைதான் ஆகச் சின்ன மூடியோடு வருகின்றன. 2012 குடிசன மதிப்பீட்டிலேயே இந்த நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்கு 12 பேருக்கு மேல். அதற்குப் பிறகு நாங்கள் யாரும் இளமையாகவில்லை.

பிள்ளைகள் திறக்கக் கூடாத மூடிகள் வேண்டும்தான், அதை நான் மறுக்கவில்லை. அமுக்கித் திருப்புகிற மூடி இருக்கிறதே, அதை 1967 இல் கனடாவின் வின்ட்சர் நகரத்தில் ஹென்றி ப்ரோ என்ற குழந்தை மருத்துவர் முன்நின்று கொண்டுவந்தார், மருந்தை விழுங்கிவிட்டு ஆஸ்பத்திரிக்கு வரும் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்துத் தாங்காமல். அமெரிக்காவில் 1970 இல் இதற்கென்றே சட்டம் வந்தது. அங்கே மூடியைப் பரீட்சிக்கிற விதம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. மூன்றரை வயதிலிருந்து நாலேகால் வயது வரையான பிள்ளைகளிடம் கொடுத்துப் பத்து நிமிடம் விடுவார்கள், நூற்றுக்கு 80 பேராவது திறக்க முடியாமல் தோற்க வேண்டும். அதே மூடியை 50 முதல் 70 வயது வரையானவர்களிடமும் கொடுப்பார்கள், நூற்றுக்கு 90 பேராவது திறந்து, திரும்ப ஒழுங்காக மூடவும் வேண்டும். இந்த இரண்டாவது பரீட்சையில் முதலில் 18 முதல் 45 வயதுக்காரர்தான் இருந்தார்கள். 1995 இல்தான் வயதுபோனவர்களை உட்கார்த்தினார்கள். காரணம் எங்கள் அம்மாதான், அதாவது எங்கள் அம்மா மாதிரியானவர்கள்: திறக்கக் கஷ்டமான மூடியை மூடாமலே வைத்தார்கள், பிள்ளைகளைக் காக்க வந்த மூடி பிள்ளைகளுக்கே வழிவிட்டது.

இதெல்லாம் மருந்துக்கு. ஆனால் மண்ணெண்ணெயும் இல்லை மருந்தும் இல்லை, வெறும் சீனிச் சம்பல், அதற்கு எதற்கு இந்தக் காவல்? இதைப் பார்த்தால் யோகட் கப்பும் அப்படித்தான். 80 கிராம் யோகட்டின் மேலே ஒட்டியிருக்கிற வெள்ளித் தாள் ஒரு மூலையில் கிழிந்து, வாலாக உரிந்து வந்து, நடுவில் அறுந்துபோகும். பிறகு கரண்டியின் பின்பக்கத்தால் குத்த வேண்டியதுதான். சூடு, அழுத்தம், எவ்வளவு நேரம் அமுக்குகிறது, மூன்றில் ஒன்று கூடினாலும் தாள் உரிவதற்குப் பதில் கிழியும். இயந்திரம் வைத்திருக்கிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பிரிட்ஜையும் மறந்துவிடாதீர்கள். குளிரில் பிபி விறைத்துவிடும், வெளியில் வளைந்து கொடுத்த அதே நாக்கு அங்கிருந்து எடுத்தவுடன் முறியும். நாக்கு முறிந்த மூடியைப் பிறகு ஒருவரும் கையால் திறந்ததை நான் பார்த்ததில்லை. கத்தி, கரண்டிக் காம்பு, கதவிடுக்கு, பல். என் அத்தை ஒருவர் பல்லால் கடித்தார், மூடி வரவில்லை, பல் செட் வந்தது.

சூட்டோடு மூடினால் என்ன நடக்கும் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் ஆறவிட்டுத்தான் மூடுவேன், இல்லாவிட்டால் வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். ஆனால் வீடுகளில் காலையில் கறியைச் சூடாகப் போட்டு மூடிக் கொடுத்துவிடுகிறார்கள், மத்தியானம் பள்ளிக்கூடத்தில் பிள்ளை திறக்க முடியாமல் ரீச்சரிடம் கொண்டு ஓடுகிறது. உள்ளே இருக்கிற காற்று ஆறிச் சுருங்குகிறது, வெளிக்காற்று மூடியை அமுக்குகிறது. உயர்தரம் படிக்கிற மகன் கணக்குப் போட்டான்: 8 சென்டிமீட்டர் அகல மூடி, 70 பாகைச் சூட்டில் மூடி 30 பாகைக்கு ஆறினால், ஏறக்குறைய 6 கிலோ பாரம் மேலே உட்கார்ந்த மாதிரி. மூடி கொஞ்சம் உள்வாங்குவதால் அவ்வளவும் வராதாம், இருந்தாலும் ஏழு வயதுப் பிள்ளைக்கு அது அதிகம். ஓரத்தை ஓரிடத்தில் கிளப்பிக் காற்றை உள்ளே விட்டால் அந்தப் பாரம் ஒரு நொடியில் போய்விடும். திரும்பவும் அதே இடத்துக்குத்தான் வருகிறேன், விரல் வைக்க இடம்.

புதிதாக ஒன்றையும் கண்டுபிடிக்கச் சொல்லவில்லை. அம்மம்மாவிடம் ஒரு பித்தளைச் சுண்ணாம்புக் கரண்டகம் இருந்தது. வெற்றிலை ஒரு கையில் இருக்கும், மற்றக் கையில் கரண்டகம், பெருவிரலால் ஒரு தள்ளு, கீல் மூடி பின்னால் சாயும், ஆள்காட்டி விரல் சுண்ணாம்பைத் தொட்டெடுக்கும், பேச்சு நிற்காது. அதைச் செய்த கன்னார் எந்த நியமத்தையும் வாசித்திருக்க மாட்டார், வெற்றிலை போடுகிறவருக்கு ஒரு கைதான் மிச்சம் இருக்கும் என்று கண்ணால் கண்டிருப்பார். எங்கள் ஊர் எருமைத் தயிர்ச் சட்டியைப் பாருங்கள், மேலே ஒரு தாள், கழுத்தில் ஒரு கயிறு, ஒரு நுனியை இழுத்தால் கட்டு அவிழும். பிளாஸ்டிக்கிலேயே நல்ல மூடி இருந்தது. கோடக் பிலிம் ரோல் வந்த அந்தக் கறுப்பு டப்பாவும் சாம்பல் நிற மூடியும் ஞாபகம் இருக்கிறதா? ஈரம் புகாது. ஆனால் மூடி டப்பாவைவிட ஒரு மயிரிழை அகலம், விளிம்பு வெளியே நிற்கும், பெருவிரலைக் கீழிருந்து வைத்து ஒரு தட்டு, டப்பென்று ஒரு சத்தம். ஒரு காலத்தில் குளிசை, விபூதி, ஊசி, தங்கத் தோடு எல்லாம் எத்தனையோ வீடுகளில் அதற்குள்தான் இருந்தன.

எழுத்தில் வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 2015 இல் 17480 என்ற இலக்கத்தில், பொதியைத் திறக்கும் எளிமை பற்றியே ஒரு நியமம் வெளியிட்டது. இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தில் இருக்கிறவர்கள் யாராவது இதை வாசித்தால், டப்பா செய்கிறவர்களைக் கூப்பிட்டு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுங்கள்.

நீங்கள் அடுத்த அச்சுக்கு இரும்பு வெட்டுவதற்கு முன்னால் மாதிரி மூடி நாலைந்து செய்து இங்கே கொண்டு வாருங்கள். வெள்ளிக்கிழமை பத்திரகாளி அம்மன் கோயில் பூசை முடிந்து வருகிற அம்மாமார் பத்துப் பேரை எங்கள் விறாந்தையில் உட்கார்த்துவது என் பொறுப்பு. கடலுக்குப் போகிற அண்ணரும் வருவார், கேட்டுவிட்டேன். எல்லோர் கையிலும் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவி மூடியைக் கொடுப்போம். நீங்கள் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும், ஆனால் எப்படித் திறப்பது என்று வாயைத் திறந்து சொல்லக் கூடாது, கடையில் அதைச் சொல்ல நீங்கள் நிற்கப்போவதில்லையே. பிளேன்ரீயும் சம்பல் வைத்த பாணும் தருவேன். அந்த டப்பாவுக்கு இப்போதைய விலையைவிட இரண்டு மூன்று ரூபாய் கூட என்றாலும் நான் வாங்குவேன், என்னைப் போல மாசிச் சம்பலும் ஊறுகாயும் போடுகிற பெண்கள் இந்த ஊரில் வேறும் இருக்கிறார்கள், அவர்களிடமும் சொல்வேன்.

அதுவரைக்கும் அம்மாவின் குளிசை பழைய பிலிம் டப்பாவில்தான் இருக்கிறது. பேத்தியின் கைக்கு எட்டாமல் சாமித்தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். அண்ணன் போட்டோ எடுத்துத் திரிந்த காலத்து டப்பா, இருபத்தைந்து வருஷம் இருக்கும். போன மாதம் மூடியின் ஓரத்தில் ஒரு வெடிப்பு விட்டிருக்கிறது. யாரிடமாவது ஒன்று கூடுதலாக இருந்தால், கறுப்போ வெள்ளையோ, மூடியோடு, சொல்லுங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். பதிலுக்கு ஒரு டப்பா சம்பல், திறந்து லேசாக மூடித் தருவேன்.

இப்படிக்கு,
சீனிச் சம்பல் விற்கிற ஒருத்தி,
திருகோணமலை